பரீட்சை ஹாலுக்குள் போகாத கால்குலேட்டர்: கேசியோ 991இஎஸ் பிளஸ் பற்றி ஒரு ட்யூஷன் டீச்சர்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பொதுத்தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்துக்கும் கிடையாது. நீட்டுக்கும் ஜேஇஇ மெயினுக்கும் கிடையாது. அப்படியிருக்க, ஆயிரத்து முந்நூறு சொச்சம் ரூபாய் கொடுத்து ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டரை ட்யூஷன் மேசையில் வைத்திருக்கிறீர்களே டீச்சர், பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்குத் துண்டுதுண்டாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பொருள், கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ், இரண்டாம் பதிப்பு. ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில் பில்லோடு வாங்கியது. எனக்கு வீடு கோத்தகிரி, டானிங்டன் பக்கம். முன்னறையில் சாயங்கால ட்யூஷன். வருகிற பிள்ளைகள் ஒரே ரகம் இல்லை. அரசுப் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ என்று கலந்து வருவார்கள். ஊட்டிப் பக்கம் வெளிநாட்டுப் பாடத்திட்டம் படிக்கிற ஒரு பையனும் வருகிறான். செமஸ்டர் லீவில் கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியரிங் பிள்ளைகள் வந்து எம்-1 என்கிற முதல் செமஸ்டர் கணக்கு அரியருக்கு உட்காருவார்கள். இத்தனை பேருக்கும் மேசையில் ஒரே ஒரு மெஷின்தான். ஆளுக்கு ஒன்று இல்லாததே நல்லது என்பது என் எண்ணம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அட்டையில் 417 செயல்பாடுகள் என்று போட்டிருக்கிறார்கள். அதில் முக்கால்வாசியை நானே தொட்டதில்லை. நான் இதை வாங்கியது அதன் திரைக்காக. பழைய 991எம்எஸ்-இல் சைன் 60 போட்டால் 0.866025403 என்று வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த எண்ணைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. இதில் √3/2 என்றே, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே, மேலே கீழே கோடு போட்டு வருகிறது. √50 என்று தட்டினால் 5√2. தசமம் வேண்டுமென்றால் எஸ்-டி என்று எழுதிய பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் மாறிக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சைன் 45 போட்டால் √2/2 என்று காட்டும். புத்தகத்தில் 1/√2 என்று இருக்கும். "டீச்சர், மெஷின் தப்பு" என்று எல்லா வருடமும் யாராவது ஒருவர் சொல்வார். சரி, இரண்டையும் தசமமாக்கிப் பார் என்பேன். இரண்டும் 0.7071. பிறகு ஏன் ஒன்றாக வருகிறது என்று அவர்களே பகுதியை விகிதமுறு எண்ணாக மாற்றிப் பார்ப்பார்கள். அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் நான் எடுத்தபோது கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள்தான். மெஷினைத் தப்பென்று நிரூபிக்கிற ஆசைக்கு இவ்வளவு வேகம் இருக்கிறது.

இனி, தேர்வில் இல்லாத பொருளை எதற்குப் பயன்படுத்துவது என்பதற்கு வருவோம்.

காரணிப்படுத்தல்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய பயம். 2எக்ஸ்² + 5எக்ஸ் − 12 என்று கொடுத்தால், நடு உறுப்பைப் பிரி என்றதும் பேனா நின்றுவிடும். பெருக்கினால் −24, கூட்டினால் 5, எந்த இரண்டு எண்? அங்கேயே மூச்சு முட்டி, "எனக்குக் கணக்கு வராது" என்று நோட்டை மூடிய ஒரு பெண் போன வருடம் வந்தாள். அவளுக்கு மெஷினைக் கையில் கொடுத்தேன். மோடு, 5, 3 தட்டினால் இருபடிச் சமன்பாடு தீர்க்கிற இடம் வரும். கெழுக்களை 2, 5, −12 என்று போட்டாள். 3/2 என்றும் −4 என்றும் வந்தது. விடை கிடைத்துவிட்டது, ஆனால் பரீட்சையில் இதை எழுதினால் மதிப்பெண் வராது, படிகள் வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். சரி, எக்ஸ் = 3/2 என்றால் எந்தக் காரணி பூஜ்யமாகியிருக்கும்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 2எக்ஸ் − 3 என்றாள். −4-க்கு எக்ஸ் + 4. இரண்டையும் பெருக்கிப் பார். 8எக்ஸ் வந்தது, −3எக்ஸ் வந்தது. "ஓ, 8-உம் −3-உம்தானா" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த கணக்கைப் பின்பக்கத்திலிருந்து போனாள், அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு கட்டத்தில் மெஷினை எடுக்காமல் மனசுக்குள்ளேயே எண்களைத் தேட ஆரம்பித்துவிட்டாள், ஏனென்றால் பட்டன் தட்டுவது அதைவிட நேரம் பிடித்தது.

எல்லோரும் இப்படிப் போவதில்லை. அதே வகுப்பில் ஒரு பையன், விடையைப் பார்த்துவிட்டு நேரே நோட்டில் எழுதி, படிகளுக்குப் பதில் நடுவில் ஒரு அம்புக்குறி போட்டான். அவனுக்குக் கணக்கென்றால் பயமே இல்லை, பிடிக்கவும் செய்யும். ஆனால் அவனுக்குக் கணக்கு என்பது விடை. அவனிடமிருந்து மெஷினை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மேசையில் ஒன்றே இருப்பதன் வசதி இதுதான். கொடுப்பதும் எடுப்பதும் என் கையில்.

இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்தது டேபிள் மோடு, சார்பைக் கொடுத்தால் மதிப்புகளை அட்டவணையாகப் போட்டுத் தரும். மோடு, 7. பத்தாம் வகுப்பில் வரைபடம் 8 மதிப்பெண். ஒய் = எக்ஸ்² + எக்ஸ் − 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். −4 முதல் 4 வரை அட்டவணை போட வேண்டும். எக்ஸ் −3 ஆக இருக்கும்போது பாதிப் பேர் வர்க்கத்தை −9 என்று எழுதி, −14 என்ற புள்ளியை வைத்து, அழகான பரவளையத்தின் இடது பக்கம் ஒரு பள்ளத்தைத் தோண்டிவிடுவார்கள். வரைந்து முடித்த பிறகும் அந்தப் பள்ளம் அவர்களுக்கு உறுத்தாது. புள்ளியைச் சேர்த்தாயிற்று, அவ்வளவுதான். நான் செய்வது இது. முதலில் கையால் அட்டவணை. அப்புறம் மெஷினில் அதே சார்பைப் போட்டு, −4, 4, 1 என்று கொடுத்து, வரிவரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். −3-க்கு நேரே அது 4 என்கிறது. நீ −14 என்கிறாய். யார் சரி? சிவப்பு மையில் நான் சுழித்தால் முகம் சுண்டிப்போகும். மெஷின் சொன்னால் கோபம் மெஷின் மேல் வருகிறது, தேடிப் பார்க்கிறார்கள்.

ஆனால் மெஷினும் அதே குழியை வேறு விதத்தில் தோண்டும். −2² என்று அப்படியே தட்டினால் −4 வரும். அடைப்புக்குறி போட்டு (−2)² என்றால்தான் 4. இதைப் பிள்ளைகளிடம் வாங்கிய அன்றே காட்டிவிட வேண்டும். இன்னொன்று, 6÷2(1+2). இதில் 1 வரும். செல்போனில் கூகுளில் போட்டால் 9 வரும். பெருக்கல் குறி இல்லாமல் ஒட்டியிருப்பதை இந்த மெஷின் முதலில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சண்டை போடாமல் அடைப்புக்குறி போட்டு எழுது என்பதே என் தீர்ப்பு. சமன்பாட்டைத் தீர்க்க சால்வ் என்று ஒரு வசதி உண்டு. அது நியூட்டன் முறையில் ஒரு விடையை மட்டும் பிடித்துக்கொண்டு வரும். இருபடிச் சமன்பாட்டுக்கு அதை நம்பி உட்கார்ந்தால் இன்னொரு விடை காணாமல் போகும்.

இன்ஜினியரிங் பிள்ளைகளின் நிரந்தர வியாதி, ரேடியன், அதாவது கோணத்தை அளக்க டிகிரிக்குப் பதிலாக வருகிற இன்னொரு அலகு. சைன் 30 போட்டு −0.988 வந்தால் திரையின் மேல் ஓரத்தைப் பார்க்க வேண்டும். டி இருக்க வேண்டிய இடத்தில் ஆர் நிற்கும். ஷிஃப்ட், 9, 3, சமம் போட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். அது பெரிய விஷயமில்லை. சைன் 30-க்கு மைனஸில் விடை வந்தும் புருவம் அசையாமல் அடுத்த வரிக்குப் போகிறார்களே, அதுதான் பெரிய விஷயம்.

அதனால்தான் என் முன்னறையில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். பட்டனைத் தொடுமுன் குத்துமதிப்பாக ஒரு எண்ணை நோட்டில் எழுதியாக வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, காலியாக இருக்கக் கூடாது. உயரமும் தூரமும் பாடத்தில் நம்ம ஊர் மலை ரயிலை எடுத்துக்கொள்வேன். கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரம் வைத்து ஏறுகிற பாதை, செங்குத்தான இடத்தில் 12-க்கு 1, அதாவது 12 அடி போனால் 1 அடி ஏற்றம். அது எத்தனை டிகிரி? அந்த ரயிலில் ஏறி இறங்கிய பிள்ளைகளே 30 என்பார்கள், ஒருத்தி 45 என்றாள். ஷிஃப்ட் டேன், 1/12. 4.76 என்று வரும். டிகிரி பட்டனைத் தட்டினால் 4 டிகிரி 45 நிமிடம் 49 வினாடி. அறையே சிரிக்கும். பிறகு 45 டிகிரி என்றால் 12 அடி போக 12 அடி ஏற வேண்டுமே என்று அவர்களே கணக்குப் பார்ப்பார்கள். முதலில் எண்ணை எழுதாமல் இருந்திருந்தால் 4.76 வெறும் விடையாகப் போயிருக்கும்.

பிள்ளைகளின் மனப்போக்கு பற்றிப் பேச வந்தால் ஒரு அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. தேயிலை பறிப்பவர். ஃபீஸ் கொடுக்க வந்தவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், 42 கிலோ இலை, கிலோ 18 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு வரும்? பையன் மெஷினை நோக்கிக் கையை நீட்டுவதற்குள் அம்மா 756 என்றார். எப்படி? "இருபதுன்னா எட்நூத்தி நாப்பது, அதுல கிலோவுக்கு ரெண்டு கம்மி, எம்பத்தி நாலு போச்சு." அதே மூச்சில், "எனக்குக் கணக்கெல்லாம் வராதுங்க டீச்சர், அதான் இவனுக்கும் வரமாட்டேங்குது" என்றார். வீட்டிலிருந்தே வருகிறது இந்தப் பேச்சு. 42-ஐ 18-ஆல் மனசுக்குள் பெருக்குகிறவர் கணக்கு வராது என்று சொல்லிச் சொல்லி, பையன் அதை நம்பி, 7 பெருக்கல் 8-க்கும் பட்டன் தேடுகிறான். அவனுக்கு மெஷின் தடை. ஆறு மாதத்துக்கு வாய்ப்பாடுதான்.

இதெல்லாம் என் முன்னறை அனுபவம் என்று தள்ளிவிடலாம். ஆனால் உலகத்தில் இதைப் பற்றி நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1972-ல் எச்பி-35 என்ற முதல் சட்டைப்பை சயின்டிஃபிக் கால்குலேட்டர் 395 டாலருக்கு வந்ததிலிருந்தே, இதனால் பிள்ளைகள் கெடுவார்களா என்ற சண்டை இருக்கிறது. 1986-ல் ஹெம்ப்ரீ, டெசார்ட் என்ற இருவர் 79 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வழக்கமான பாடத்தோடு கால்குலேட்டரையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களின் கைக்கணக்குத் திறன் குறையவில்லை, கூடவே செய்தது. கணக்கு மேல் இருந்த மனப்போக்கும் தன்னம்பிக்கையும் நன்றாக இருந்தன. ஒரே விலக்கு நான்காம் வகுப்பு. அங்கே தொடர்ந்து பயன்படுத்தியது அடிப்படைத் திறனைப் பாதித்தது. அதனால் ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இருக்கிற தம்பி தங்கைகள் கூடவே வந்தால் மெஷின் பக்கம் விடுவதில்லை. வாய்ப்பாடு ஊறுகிற வயது அது.

2003-ல் எலிங்டன் என்பவர் 54 ஆய்வுகளை எடுத்து இதையே மறுபடி பார்த்தார். நம்ம ஊருக்கு முக்கியமானது அவர் சொன்னதுதான். பாடத்திலும் கால்குலேட்டர், தேர்விலும் கால்குலேட்டர் என்று இருந்தபோது மாணவர்களின் திறன் தெளிவாகக் கூடியது. பாடத்தில் இருந்து தேர்வில் இல்லாதபோது கெடுதல் எதுவும் இல்லை, ஆனால் அந்த ஏற்றமும் அதே அளவுக்குத் தெரியவில்லை. நம் பிள்ளைகள் இரண்டாவது ரகம். ஆகவே மெஷின் வாங்கிக் கொடுத்தால் பத்தாம் வகுப்பில் மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் அதற்காக வைத்திருக்கவில்லை. சரிபார்க்கவும், பின்பக்கத்திலிருந்து போய்ப் பார்க்கவும்தான்.

கணக்கு பிடித்தால் மார்க் தானாக வரும் என்பதும் எனக்கு ஒப்புதல் இல்லாத பேச்சு. சின் மா, நந்த் கிஷோர் இருவரும் 1997-ல் 113 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது, மனப்போக்குக்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு சராசரியாக 0.12 என்ற மெலிந்த அளவில்தான் வந்தது. அம்புக்குறி போட்ட பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கணக்கு பிடிக்கும், பயமில்லை, மார்க் மட்டும் வராது. என் அனுபவத்தில் வண்டி எதிர்த்திசையிலும் ஓடுகிறது. ஒரு கணக்கு தானாகச் சரியாக வந்த பிறகுதான் அது பிடிக்க ஆரம்பிக்கிறது. அந்த முதல் கணக்கு வருகிற வரைக்கும் பிள்ளையை நோட்டின் முன்னால் உட்கார வைக்க எது உதவினாலும் நல்லது. சிலருக்கு இந்த மெஷின் உதவுகிறது.

பதினொன்று, பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வேறு ஒரு உபயோகம். இயற்பியலில் லாக் டேபிள் என்கிற மடக்கை அட்டவணைதான் அவர்களுக்குக் கதி. லாக் 2.345 எடுக்கச் சொன்னால் 2.3-க்கு நேரே 4-ஆம் பத்தியைப் பிடித்து, சராசரி வித்தியாசத்தில் 5-ஐக் கூட்ட மறந்துவிடுவார்கள். மெஷினில் 0.3701 என்று வருகிறது. டேபிளில் பார்த்ததும் அதே வருகிற வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். டேபிள் பார்க்கப் பழக்குவதற்கு அதை ஒழித்த பொருளையே வைத்துக்கொள்வது வேடிக்கைதான், ஆனால் நன்றாக வேலை செய்கிறது. பகா எண்களாகப் பிரிக்கிற ஃபேக்ட் வசதியும் அப்படியே. 113400 என்று போட்டு, சமம், ஷிஃப்ட், டிகிரி பட்டன் தட்டினால் 2³ × 3⁴ × 5² × 7. கையால் வகுத்து முடித்த பிறகு மட்டும்.

இனி மெஷினின் குறைகள். பட்டன்கள் சத்தம் போடாது, நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஷிஃப்டுக்கு மஞ்சள், ஆல்ஃபாவுக்குச் சிவப்பு என்று மேலே அச்சடித்திருக்கும் எழுத்து மிகச் சிறியது. எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. சோலாரும் ஒரு எல்ஆர்44 செல்லும் சேர்ந்து ஓடுகிறது. இது மலைக்கு முக்கியம். மழைக்காலத்தில் மூன்று மணிக்கே மஞ்சு இறங்கி அறை இருட்டிப் போகும். வெறும் சோலாரில் ஓடுகிற மலிவு கால்குலேட்டர் அப்போது எண்ணை விழுங்கும். இது அசரவில்லை. ஈரம்தான் கவலை. மூடியைச் சறுக்கிப் போட்டு, அரிசி டப்பா மாதிரி இறுக்கமான ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன்.

போலி நிறைய உலவுகிறது. ஒரு பிள்ளையின் அப்பா ஆன்லைனில் ஏதோ ஒரு விற்பனையாளரிடம் பாதி விலைக்குக் கிடைத்தது என்று வாங்கிக் கொடுத்தார். சோலார் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு பிளாஸ்டிக். செல்லைக் கழற்றினால் நல்ல வெயிலிலும் செத்துவிடுகிறது. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, பில் என்று ஒன்று இருந்தால்தானே.

எந்தப் பிள்ளைக்கு எது என்று கேட்பவர்களுக்கு. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குப் போகிற பிள்ளைக்கு இந்த 991 கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். புரோகிராம் செய்ய முடியாத ரகம், தேர்வில் அனுமதி உண்டு, மேட்ரிக்ஸ், கலப்பெண் எல்லாம் இருக்கிறது. முதல் செமஸ்டருக்கு முந்தைய லீவிலேயே வாங்கிப் பழகிவிட வேண்டும், பரீட்சைக்கு முதல் நாள் பெட்டியைப் பிரிக்கக் கூடாது. பின்னால் எம்.டெக் சேர கேட் நுழைவுத்தேர்வு எழுதினால் அங்கே திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தருவார்கள், கையில் இருப்பது உள்ளே போகாது. ஐஜிசிஎஸ்இ என்கிற அந்த வெளிநாட்டுப் பாடத்திட்டம் படிக்கிற பையனுக்கு 2025 முதல் கேம்பிரிட்ஜ் கணிதத்தில் ஒரு தாள் கால்குலேட்டர் இல்லாமல், இன்னொரு தாள் கால்குலேட்டரோடு. அவனுக்கு இரண்டு கையும் பழக வேண்டும். அவனை ஒருநாள் மெஷினோடும் மறுநாள் இல்லாமலும் உட்கார வைக்கிறேன், முனகுகிறான்.

புதிதாக வந்திருக்கும் 991சிடபிள்யூவை லீவுக்கு வந்த ஒரு மாணவியிடம் வாங்கித் தட்டிப் பார்த்தேன். திரை இன்னும் துல்லியம், எழுத்து பளிச்சென்று இருக்கிறது. ஆனால் என் விரலுக்குப் பழகிய எஸ்-டி பட்டனை எடுத்துவிட்டு, ஃபார்மட் என்று ஒன்றைத் தட்டி மெனுவிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்துவிட்டார்கள். √3/2-க்கும் 0.866-க்கும் நடுவே ஒரே தட்டில் போய் வருவதுதான் எனக்கு இந்த மெஷினே. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மட்டும் இருந்தால், இப்போதைக்கு வாங்காதீர்கள். டீச்சரிடமோ பள்ளியிலோ ஒன்று இருந்தால் அது போதும். அந்தக் காசுக்கு நல்ல ஜியாமெட்ரி பாக்ஸும் ஒரு கட்டு கிராஃப் தாளும் வாங்கினால் மிச்சமே இருக்கும். என்னுடையதைக் கேட்டு வருகிறவர்கள் வரலாம், சாயங்காலம் ஆறுக்கு மேல். வீட்டுக்கு எடுத்துப்போக மட்டும் கேட்காதீர்கள்.